யாரை நீக்குவது?

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ரசிகர்களுக்கு வியாழக்கிழமை மாலை முக்கியமானது. வார இறுதியில் ஆடப்போகும் அணிகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் அன்றுதான் வெளியாகும். யார் உள்ளே, யார் வெளியே என்பது அப்போது தெரியும். 2024 ஆகஸ்டில் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக மெல்பர்ன் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அந்த வியாழக்கிழமைகளில் தங்கையின் கணவரும் அவரோடு வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மூவருமே நார்த் மெல்பர்ன் அணியின் ரசிகர்கள். நான் அடுப்பில் பத்தியக் குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதலில் எனக்கு எதுவும் புரியவில்லை. சில வாரங்களில் ஆட்டம் புரிந்ததோ இல்லையோ, பேச்சு புரிந்தது. ஹாரி ஷீசல் என்ற இளைஞனைப் பற்றி மட்டும் ஒரு மாலை முழுக்க வாதம் நடந்தது. முன்களத்தில் கோல் அடிப்பவன் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவன், முதல் வருடமான 2023இல் பின்களத்தில் ஆடி லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதையும் தன் கிளப்பின் சிறந்த வீரர் விருதையும் வாங்கிவிட்டான். அவனை நடுக்களத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் ஒருவர். முன்களத்துக்கே திருப்பியனுப்ப வேண்டும் என்றார் மற்றொருவர். பின்களத்தில் யாரும் நெருக்காதபோது கிடைக்கிற பந்தைக் கணக்கில் சேர்க்கலாமா, நெரிசலுக்குள் நுழைந்து எடுக்கிற பந்துக்குத்தானே மதிப்பு என்றார் மூன்றாமவர். முப்பதைத் தொட்ட வீரர் ஒருவரை இன்னும் எத்தனை வாரம் அணியில் வைத்திருப்பது, இரண்டாம் நிலை அணியில் நல்ல ஃபார்மில் இருக்கும் பையனுக்கு எப்போது இடம் கொடுப்பது, தோற்றாலும் பரவாயில்லை என்று இளையவர்களையே ஆடவிடலாமா என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

கவிதை கற்பிப்பவள் என்ற முறையில் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு மனிதனின் ஒரு உதையை, ஒரு தயக்கத்தை இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறார்கள். ஒரு வரியை இப்படி நிறுத்தி வாசிக்கும் நான்கு மாணவர்கள் கிடைத்தால் என் வகுப்பறை வேறு மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் அது தோற்றுக்கொண்டிருந்த அணி. 2021இலும் 2022இலும் பதினெட்டு அணிகளில் கடைசி இடம். கடைசி இடத்தை அங்கே ‘மரக் கரண்டி’ என்பார்கள். 2023இல் முதல் இரண்டு ஆட்டங்களை வென்று, தொடர்ந்து இருபது ஆட்டங்களைத் தோற்று, கடைசி ஆட்டத்தை வென்றது. 2024இலும் 23 ஆட்டங்களில் மூன்றே வெற்றிதான். இதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் மறுகட்டமைப்பு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1986இலிருந்து நடந்துவரும் டிராஃப்ட் முறையில், பட்டியலின் அடியில் முடித்த அணி புதிய இளைஞர்களை முதலில் தேர்ந்தெடுக்கும். இன்றைய தோல்வி நாளைய முதலீடாகிறது. லீக் இந்த கிளப்புக்குக் கூடுதல் தேர்வு உரிமைகளையும் கொடுத்தது. ஹாவ்தோர்ன் அணிக்கு நான்கு கோப்பைகள் வாங்கித்தந்த அலஸ்டர் கிளார்க்சன் பயிற்சியாளராக வந்தார். “இன்னும் இரண்டு வருஷம்” என்பார் தங்கையின் கணவர். 2022இலும் அதையே சொன்னாராம். தங்கை சொல்லிச் சிரித்தாள்.

நான் அந்தப் பொறுமையைக் கேலி செய்யவில்லை. தோற்கும் ஒன்றைக் கைவிடாமல் நேசிப்பது பெரிய குணம். அந்தப் பொறுமை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

ஆகஸ்ட் 25ஆம் தேதியோடு ஆண்களின் சுற்று ஆட்டங்கள் முடிந்தன. 30ஆம் தேதி பெண்களின் பருவம் தொடங்கியது. அதே கிளப், அதே நீலமும் வெள்ளையுமான கோடு போட்ட சட்டை. பெண்கள் அணி முந்தைய வருடம் இறுதி ஆட்டம்வரை போய் பிரிஸ்பேனிடம் 17 புள்ளிகளில் தோற்றிருந்தது. வியாழக்கிழமைகள் வந்தன, பட்டியலும் வெளியானது. மேசையைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. ஆட்டம் நடக்கும்போது தொலைக்காட்சியைப் போடுவார்கள். “பிரமாதமா ஆடறாங்க” என்று மனதாரச் சொல்வார்கள். ஒருநாள் தங்கையின் கணவரிடம் கேட்டேன்: “இந்த அணியில யாரைத் தம்பி நீக்கணும்?”

அவர் கொஞ்சம் திகைத்தார். “எதுக்குக்கா நீக்கணும்? எல்லாரும் நல்லாத்தானே ஆடறாங்க. ஜெயிக்கிறாங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வருடம் அவர்கள் ஓர் ஆட்டத்தைச் சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் நவம்பர் 30ஆம் தேதி பிரிஸ்பேனை வென்று கோப்பை வாங்கினார்கள். ஜெயிக்கும் அணியில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் ஜெயிக்கும் ஆண்கள் அணியைப் பற்றி யாரும் பேசாமல் இருந்ததில்லை. வெற்றி வந்தால் பேச்சு கூடத்தான் செய்யும்: யார் சுமக்கிறார், யார் சுமக்கப்படுகிறார், அடுத்த வருடம் யார் கிழவராவார் என்று. அவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. சிக்கல் அந்த மரியாதையில்தான் இருந்தது. ஆண்கள் அணியில் யார் எதில் குறை என்று வீரர் வீரராகச் சொல்லக்கூடியவர், பெண்கள் அணியை ‘எல்லாரும்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இலக்கணத்தில் இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று இரண்டு படிக்கிறோம். செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு என்று பொருள். தன் இனத்திலிருந்து பிரித்துக்காட்டும் அடை அது. செஞ்ஞாயிறு அப்படியில்லை, கறுப்பு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஆண்களின் லீக் ஏஎஃப்எல். பெண்களின் லீக் ஏஎஃப்எல்டபிள்யூ. கடைசி எழுத்து பெண்ணைக் குறிக்கிறது. பெண்கள் லீக் என்று ஒன்று இருந்தால் ஆண்கள் லீக் என்று ஒன்று இருக்க வேண்டும். ஆனால் ஆணுக்கு அடை கிடையாது. அவன் ஆட்டம்தான் ஆட்டம். அதனால்தான் “நார்த் கடைசியாக எப்போது கோப்பை வாங்கியது?” என்ற கேள்விக்கு 2024க்குப் பிறகும் பலருடைய வாயில் வருகிற பதில் 1999. கிளப்பின் பெண்கள் 2025இலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதியில் அதே பிரிஸ்பேனை வென்று மீண்டும் கோப்பை வாங்கினார்கள். அந்த வருடம் ஆண்கள் பதினாறாம் இடம். ‘நார்த் இன்னும் மறுகட்டமைப்பில் இருக்கிறது’ என்ற வாக்கியத்தில் ‘நார்த்’ என்ற பெயர் யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள்.

பொறுமை விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் லீக் 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னின் பிரின்சஸ் பார்க் மைதானத்தில் தொடங்கியது. 24,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். இடமில்லாமல் வாசலை மூட வேண்டியதாயிற்று. எட்டு அணிகள், ஏழு சுற்றுகள். பெரும்பாலான வீராங்கனைகளுக்கு அந்தப் பருவத்துக்கான ஊதியம் 8,500 டாலர். ஆசிரியையாகவும் செவிலியராகவும் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்கள். தரம் போதவில்லை, கோல் குறைவு என்ற குறை முதல் வருடத்திலேயே தொடங்கிவிட்டது. 2023இல் லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பெண்களின் பருவம் 2025இல் 12 சுற்றாக உயர்ந்தது. அதற்கு மேல் உயர வேண்டுமானால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 6,000 பேர் மைதானத்துக்கு வர வேண்டும், தொலைக்காட்சியிலும் குறித்த எண்ணிக்கையில் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள்.

இருபது ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்ற ஆண்கள் அணிக்கு அடுத்த வருடமும் 23 ஆட்டங்கள் உறுதி. முன்னுரிமைத் தேர்வும் உண்டு. ஒரு ஆட்டத்தைக்கூடத் தோற்காத பெண்களுக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்றால் அது அவர்கள் கையில் இல்லை, பார்க்க வருபவர்கள் கையில் இருக்கிறது. ஆணின் தோல்வியில் எதிர்காலத்தைப் பார்க்கிறார்கள். பெண்ணின் வெற்றிக்கோ ரசீது கேட்கிறார்கள்.

அப்படியானால் பெண்கள் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையா? பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது பாராட்டு: எவ்வளவு துணிச்சல், குழந்தைகளுக்கு எவ்வளவு நல்ல முன்மாதிரி. இரண்டாவது, இந்த லீக் இருக்கத்தான் வேண்டுமா என்ற விவாதம். மூன்றாவது உடல். 2019 மார்ச்சில் கார்ல்டன் வீராங்கனை டெய்லா ஹாரிஸ் கோலை நோக்கி உதைக்கும் ஒரு புகைப்படம் வெளியானது. மைக்கேல் வில்சன் எடுத்தது. கால் தலைக்கு மேலே உயர்ந்து, உடல் முழுவதும் காற்றில் நிற்கும் படம். அதன் கீழே குவிந்த ஆபாசத்தைப் பார்த்து ஒளிபரப்பு நிறுவனம் ஆபாசத்தை நீக்காமல் படத்தை நீக்கியது. எதிர்ப்பு எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டு மீண்டும் வெளியிட்டது. அதே வருடம் மெல்பர்ன் நகரின் நடுவே அந்த உதையை வெண்கலச் சிலையாக வைத்தார்கள். ஒரே உதைக்கு ஆபாசமும் கிடைத்தது, சிலையும் கிடைத்தது. அந்தப் பந்து கோலுக்குள் போனதா என்று பேசியவர்கள் எத்தனை பேர்?

பெண்கள் ஆட்டத்தை ஒவ்வொரு உதையாகக் கவனித்து வாதிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். ஆனால் அது சிறிய வட்டம். சாப்பாட்டு மேசைவரை இன்னும் வரவில்லை.

வசையும் விமர்சனமும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆண்கள் பக்கம் நடப்பதெல்லாம் விமர்சனமும் இல்லை. 2021 டிராஃப்டில் முதல் ஆளாக ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் என்ற பையனை நார்த் எடுத்தது. ஒரே பருவம் ஆடிவிட்டு, சொந்த மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு போர்ட் அடிலெய்ட் அணிக்குப் போனான். அவன் எதிரணியில் ஆட வந்தபோது நார்த் ரசிகர்கள் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். பதினெட்டு வயதில் வீட்டுக்குப் போக விரும்பிய பையன் துரோகியானான். பையன்களை எண்களாகப் பார்க்கும் பேச்சுக்கு இந்தக் கொடுமையும் உடன்பிறந்தது. முதல் தேர்வு, மூன்றாம் தேர்வு, பரிமாற்ற மதிப்பு என்றெல்லாம் பேசும்போது சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இருக்கும். அந்தப் பேச்சு பெண்களுக்கும் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. ‘இவளுக்கு இந்த வாரம் ஃபார்ம் இல்லை, அந்த இடத்தில் இன்னொருத்தியை ஆடவிட வேண்டும், ஏனென்றால்...’ என்ற வாக்கியம். அந்த ‘ஏனென்றால்’ வர வேண்டுமானால் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவளை மற்றவளிடமிருந்து பிரித்து அறிந்திருக்க வேண்டும், அவளால் இதைவிட நன்றாக ஆட முடியும் என்று நம்பவும் வேண்டும். நம்பாதவர்கள் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதை நான் மெல்பர்னில் கற்றுக்கொள்ளவில்லை. என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது கூட்டங்களில் ‘பெண் கவிஞர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள்; பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெறும் கவிஞர். துணிச்சலான குரல் என்றார்கள். இதெல்லாம் கவிதையா என்றவர்களும் உண்டு. உடலைப் பற்றி எழுதிய இரண்டு கவிதைகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு என் குணத்தை ஆராய்ந்தார்கள். நாற்பத்தேழு கவிதைகளில் எவை எடுபடவில்லை, எந்த வரியை நீக்கியிருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருந்தது: அதில் பத்துக் கவிதைகளாவது அச்சுக்குப் போயிருக்கக் கூடாது. பல வருடங்கள் கழித்து ஒரு தோழி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் அடித்துக்காட்டினாள். அன்றைக்குத்தான் என்னை ஒருத்தி வாசித்திருக்கிறாள் என்று தோன்றியது.

பெண்ணியத் தொகுப்புகளில் எழுதும் நாமும் இதில் குற்றவாளிகளே. ஒருவருக்கொருவர் முதுகில் தட்டிக்கொடுப்பதை ஒற்றுமை என்று நினைக்கிறோம். வெளியே வசை அதிகம் என்பதால் உள்ளே பாராட்டு மட்டும் போதும் என்று இருந்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மேசை காலியாகவே கிடக்கிறது.

தங்கையின் மூத்த மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளியின் பெண்கள் அணியில் ஆடுகிறாள். போன வருடம் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, என்னை முதல் டீம்லேருந்து எடுத்துட்டாங்க.”

“ஏன்டா கண்ணு?”

“கோச் சொன்னாங்க. வலது காலாலதான் உதைக்கிறேனாம். அந்தப் பக்கம் அடைச்சுட்டா எனக்கு வழியே இல்லையாம். மூணு ஆட்டத்தை நோட்டுல எழுதிவச்சுக் காட்டினாங்க.”

அழுத குரல்தான். ஆனாலும் ‘நோட்டுல எழுதிவச்சு’ என்ற இடத்தில் அந்தக் குரல் கொஞ்சம் நிமிர்ந்ததைக் கவனித்தேன். பின்னாலிருந்து அவளுடைய அப்பா ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அந்தப் பயிற்சியாளர் செய்தது தப்பு, இடது கால் ஒரு மாதத்தில் பழகிவிடும், மூன்றாவது ஆட்டத்தில் அவளை வைத்த இடமே சரியில்லை என்கிறாராம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் சொன்னதுதான் சரி என்று வாதிடுகிறாளாம். அன்று வியாழக்கிழமை இல்லை. ஆனாலும் அந்தச் சண்டை முடியும்வரை நான் தொலைபேசியை வைக்கவில்லை.