மயிற்பீலி சூட்டிய வண்டிகள்

ஒரு பொருள் பழசாவது வேறு, கிளாசிக் ஆவது வேறு. முன்னது காலத்தின் வேலை. பின்னது, வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. நம் வீடுகளில் பழசு பெண்களுக்கு வந்து சேரும். பழைய சோறு, அக்கா உடுத்திய பாவாடை, தம்பிக்குப் புது வண்டி வாங்கியதும் மீந்துபோன ஸ்கூட்டி. இதையெல்லாம் வைத்திருக்கும் பெண்ணின் ரசனையை யாரும் மெச்சியதில்லை, அது அவள் நிலைமை. ஆனால் புது மாடலை வாங்கக் கையில் பணம் இருந்தும் ஐம்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓர் ஆண் தேர்ந்தெடுத்தால் அது ரசனை, சில சமயம் தத்துவம். அந்தத் தத்துவத்தின் மொழியைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இந்தப் பேச்சு அதிகமாகப் புழங்குவது போர்ஷே 911 என்ற காரைச் சுற்றித்தான். 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தமக்குரியவை என்று பியூஜோ நிறுவனம் சொன்னதால் 911 ஆனது. 1990-களின் இறுதிவரை அதன் எஞ்சினைக் காற்றுதான் குளிர்வித்தது, பிறகு தண்ணீர் வந்தது. பழசை விரும்புகிறவர்களுக்கு அந்த இடம்தான் எல்லைக்கோடு. புதியது வேகமானது, பாதுகாப்பானது, சொகுசானது என்பதை அவர்கள் மறுப்பதில்லை. புதியது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறது, என்னைக் கேட்பதே இல்லை என்பதுதான் குறை. பழையதோ முரண்டு பிடிக்கும். பின்னால் எஞ்சினைச் சுமக்கும் அந்த வண்டி வளைவின் நடுவில் காலை எடுத்தால் வாலைச் சுழற்றிவிடும். அதை அடக்கத் தெரிய வேண்டும். அடக்குதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏறுதழுவலிலிருந்து முதலிரவு நகைச்சுவை வரை நாம் கேட்டுப் பழகிய அதே சொல்தான்.

1975-இல் வந்த அதன் டர்போ மாடலுக்கு ரசிகர்கள் செல்லமாக இட்ட பெயர் 'விதவையாக்கி'. இந்தக் காதல் கதை முழுவதிலும் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும் வேடம் அது ஒன்றுதான். அவள் ஓட்டுவதில்லை, பக்கத்தில் உட்காருவதுகூட இல்லை. வீட்டில் இருந்துகொண்டு விதவையாகிறாள்.

(இதை எழுதும்போது 911 என்ற எண் எனக்கு வேறொன்றையும் நினைவூட்டுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் கொட்டிய மழை 911 மில்லிமீட்டர் என்று செய்திகளில் வந்தது. அந்த எண்ணைக் கேட்டதும் காரை நினைப்பவர்களும் உண்டு, மண் சரிந்த சாலைகளை நினைப்பவர்களும் உண்டு.)

தமிழ் இலக்கணப்படி கார் அஃறிணை. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கப்பலையும் காரையும் 'அவள்' என்று சொல்லும் பழக்கத்தை நம் ஆட்கள் இறக்குமதி செய்துகொண்டார்கள், அதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் லைசென்ஸ் தேவைப்படவில்லை. மெர்சிடிஸ் என்பது கார் வியாபாரி எமில் ஜெல்லினெக்கின் சிறு மகளின் பெயர். பம்பாயில் தயாரான ஃபியட்டுக்குச் சித்தூர் ராணி பத்மினியின் பெயர் வைத்தார்கள். 'படிக்காதவன்' (1985) படத்தில் ரஜினிகாந்தின் டாக்சிக்குப் பெயர் லட்சுமி. லட்சுமி மனசு வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும், கெஞ்ச வேண்டும், கொஞ்ச வேண்டும். திரையரங்கில் நானும் சிரித்துத்தான் பார்த்தேன். இன்று யோசித்தால், ஒரு பழைய இயந்திரத்தின் 'மூடு' சரியில்லை என்று ஓர் ஆண் காட்டும் அந்தப் பொறுமை, உடம்பு முடியாமல் படுத்திருக்கும் எத்தனை பெண்களுக்கு அவர்கள் வீட்டில் கிடைத்திருக்கும் என்ற கேள்வி குறுக்கே வருகிறது. ரித்விக் கட்டக்கின் 'அஜாந்திரிக்' (1958) இதே பொருளை இன்னும் ஆழமாகத் தொட்ட படம். பிமல் என்ற ஓட்டுநருக்குத் தன் ஓட்டை உடைசல் செவ்ரலேயைத் தவிர உறவே இல்லை. ஊரே அவனைப் பைத்தியம் என்கிறது. ஆனால் கட்டக்கின் பிமலுக்கு அந்தக் கார் பிழைப்பு. அலங்காரமாக வைத்துக்கொள்ளும் வசதி அவனுக்கு இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் முக்கியமானது. இதை விளங்கிக்கொள்ள நம்மிடமே ஒரு பழைய பாடம் இருக்கிறது.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே எல்லாம் புதுசு. மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புகழ்வதுபோலக் குத்தும் பாட்டு என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவோம். எனக்கு அதில் ஒரு விமர்சன அளவுகோல் தெரிகிறது. ஔவை பழசா புதுசா என்று கேட்கவில்லை. புழங்குகிறதா, பழுதாகிறதா, பழுது பார்க்கப்படுகிறதா என்று கேட்கிறாள். இந்த அளவுகோலால் அளந்தால் இன்றைய கிளாசிக் கார்களில் பெரும்பாலானவை, எவ்வளவு பழசானாலும், தொண்டைமானின் கொட்டிலைச் சேர்ந்தவை. துணி போர்த்தி, மெழுகு பூசி, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வருபவை. கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். அருங்காட்சியகம் அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையும் அருங்காட்சியகம் ஆவதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் நாட்டில் நெடுங்காலம் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள எதுவும் தயாராகவில்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் அம்பாசடர், ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள். அதில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ரத்த உறவு. இத்தாலியர் மிக்கலோட்டி வரைந்த வடிவம். இங்கிலாந்தில் அதே அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை வண்டியைச் செய்தார்கள். கனடா உதவியுடன் குந்தா நீர்மின் திட்டத்து அணைகள் எழுந்த அதே 1960-களில் இரண்டு கதவு ஹெரால்டு சென்னையில் தயாராகிக்கொண்டிருந்தது. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஓடியது. கையில் கொஞ்சம் காசும் இளமையும் இருந்தவர்களுக்கு அதுவே ஸ்போர்ட்ஸ் கார்.

ஊட்டியில் இருக்கும் என் தோழி ஒருத்தி, பள்ளி ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவள், தன் சேமிப்பில் வாங்கியது அப்படி ஒரு ஹெரால்டைத்தான். வீட்டில் எல்லோரும் சிறிய புது எஸ்.யூ.வி. ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவள் அப்பாவிடம் ஹெரால்டு இருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணனுக்கு மட்டும். இவள் பின்சீட்டில் உட்கார்ந்து அப்பாவின் கால்கள் கிளட்சை இரண்டு முறை மிதிப்பதைப் பார்த்தே டபுள் கிளட்ச் கற்றுக்கொண்டாள். "ஏன் புதுசு வாங்கல?" என்று கேட்டேன். "புதுசு எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். இது எனக்குத் தெரியும்" என்றாள். ஆண்கள் சொல்லும் காரணமும் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றியது. ஆனால் ஒன்றல்ல. இவள் எதையும் அடக்கப் புறப்படவில்லை. தன் கண்முன் நடந்தும் தனக்கு மறுக்கப்பட்ட ஒரு வேலையைச் செய்ய விரும்பினாள்.

முதல் சில மாதங்கள் பட்டறையில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. "சார் எப்ப வருவாருங்க மேடம்?"

"சார் வரமாட்டாரு தம்பி. என்னன்னு எங்கிட்டயே சொல்லுங்க."

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், சக்கர வளைவுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் வேலை பார்க்கலாம். ஒளிவு மறைவு இல்லாத வண்டி. போன ஆண்டு முத்தோரை பாலாடா, எமரால்டு வழியாக அவலாஞ்சிக்கு அவளுடன் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது திரும்பும் அழகு தனி. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். எமரால்டு தாண்டியதும் சாரல், மூடுபனி. எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. அவள் இறங்கி முன்பக்கத்தைக் கவிழ்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, சால்வை நுனியால் ஈரத்தைத் துடைத்து மாட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் நான்கு ஆண்கள் கூடிவிட்டார்கள். ஓனர் யார், சாரோட வண்டியா, விற்பாரா? கேள்விகள் எல்லாம் எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு வேன் ஓட்டுநரைப் பார்த்தே கேட்கப்பட்டன. பாவம், அவர் இந்த வண்டியைத் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சால்வை நுனியைப் பார்த்தபோது எனக்கு பெர்த்தா பென்ஸ் நினைவுக்கு வந்தார். 1888 ஆகஸ்டில், கணவர் கார்லிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனவர். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வெறும் கம்பியைக் காலுறைப் பட்டியால் சுற்றினார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து வாங்கினார். அந்தத் தொழிலில் இறங்கிய முதலில் அவருடைய சீதனப் பணமும் உண்டு, காப்புரிமை மட்டும் கணவர் பெயரில். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் ஒரு பெண் பழுது பார்த்துக்கொண்டே போன பயணம். கார் என்பது பழுதாகும், அதைக் கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்யலாம் என்ற அறிவு பெண்ணுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதல்ல. தையல் மிஷினும் கிரைண்டரும் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அது இருக்கிறது. பட்டறைக்குள் நுழைந்ததும் அதற்குப் பெயர் மாறிவிடுகிறது.

இதனால் பழைய காரைப் பெண் விடுதலையின் வாகனம் என்று நான் எழுதப்போவதில்லை. ஹெரால்டில் ஏர்பேக் கிடையாது. பின்சக்கரங்களின் அச்சு அமைப்பு, வேகமாக வளையும்போது சட்டென்று காலை எடுத்தால் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடக்கூடியது. மலை இறக்கத்தில் இது விளையாட்டல்ல. புது வண்டிகளிலும் பெண் உடம்புக்கான நியாயம் முழுதாக வந்துவிடவில்லை. மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகள் சராசரி ஆண் உடம்புப் பொம்மைதான் ஓட்டுநர். பெண் என்று பிறகு வைத்ததும் அதையே ஐந்தடிக்கும் குறைவாகச் சுருக்கிய ஒன்றைத்தான். நம் நாட்டில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. பக்கத்து இருக்கைக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருக்கையில் பெரும்பாலும் யார் உட்காருகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் வந்திருக்கிறது. கைக்குழந்தையோடு மலை ஏறி இறங்கும் ஒருத்தி புது வண்டிதான் வேண்டும் என்றால் அவள் ரசனை கெட்டவள் அல்ல. பழசைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வாசலில் இன்னொன்று வைத்திருப்பவர்களின் சுதந்திரம். என் தோழிக்கும் வீட்டில் கணவரின் கார் இருக்கிறது.

அவலாஞ்சிச் சாலையிலேயே இதற்குச் சாட்சி நடந்து போகிறது. காரட் தோட்டங்களுக்கும் தேயிலைக்கும் போகும் பெண்கள் பிக்கப் வண்டிகளின் பின்னால் நின்றபடி போகிறார்கள், அல்லது பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். 2021-இல் சமவெளியில் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் 2024-இல்தான் மலை ஏறியது. அவர்களைப் பொறுத்தவரை பஸ் எந்த ஆண்டு மாடல் என்பது ஒரு பொருட்டல்ல, அது வருகிறதா என்பதுதான் கேள்வி. காட்டுக்குள்ளோ எந்தக் காருக்கும் அனுமதி இல்லை. ஹெரால்டு வாசலில் நின்றது, நாங்கள் வனத்துறை வண்டியில் ஏறினோம்.

சட்டமும் இப்போது தொண்டைமான் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021-இல் வந்த திருத்தத்தின்படி ஐம்பது வயது கடந்த வண்டிகளை 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் புழக்கம் கூடாது. புகையை நினைத்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மயிற்பீலி சூட்டினால் மரியாதை, சந்தைக்குக் காய் வாங்கப் போனால் குற்றம் என்றாகிறது. தோழி பழைய எண்ணையே புதுப்பித்து வைத்திருக்கிறாள். "காட்சிப் பொருளா இருக்கறதுக்கு என் கல்யாணத்தன்னிக்கு மேடையில உக்காந்ததே போதும்" என்கிறாள்.

அவள் மகள் இப்போது டிரைவிங் பழகுகிறாள், பயிற்சிப் பள்ளியின் புது மாருதியில். "இதுல பழகு, எல்லாம் வந்துரும்" என்று அம்மா சாவியை நீட்டினால், "நீ ஓட்டும்மா, எனக்கு ஏர்பேக் வேணும்" என்கிறாள். சண்டை ஓயவில்லை. சென்ற மாதம் ஹெரால்டின் சி.பி. பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து சரிசெய்தது மகள்தான். ஓட்ட மட்டும் மாட்டாளாம்.