கள் என்னும் சொல்லும் தோட்டத்துக் கள்ளும்

சங்கச் செய்யுட்களில் கள் என்னும் சொல் வருமிடந்தோறும் பனையையோ தென்னையையோ நினைத்துப் பொருள் கூறுதல் பாடம் நடத்துவோரிடை வழக்கமாகிவிட்டது. நெகிரி செம்பிலானில், குறிப்பாகச் செனாவாங் வட்டாரத்தில், இந்நினைப்பு மிக எளிதில் வேரூன்றும். தோட்டங்கள் தொழிற்பேட்டையும் குடியிருப்புமாக மாறிய பின்னரும், லயங்களை அடுத்திருந்த கள்ளுக்கடை அங்குள்ள குடும்பங்களின் நினைவினின்றும் அகலவில்லை. ஆகவே, அதியமான் ஔவைக்கு அளித்ததும் பாட்டனார் குவளையில் வாங்கியதும் ஒன்றே எனக் கொண்டு, ‘கள் தமிழர் மரபு’ என்பார் ஒரு சாரார். அதனையே கொண்டு சங்கப் புலவரை இகழ்வார் மற்றொரு சாரார். இரு கூற்றும் ஒரே பொருட்பிழையில் நிற்பன.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இரு பாட்டுக்களே இதற்குச் சான்று. பட்டினப்பாலையில், கடல்மேற் செல்லாது முழுநிலா நாளில் ஓய்ந்திருக்கும் பரதவர் பனையின் பிழியை உண்டு களிக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையிலோ வலைஞர் குடியில் நிகழ்வது வேறு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆக்கி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்து, விளைந்தபின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர். இது மரத்தில் இறக்கியது அன்று, அடுப்பில் அட்டது. இப்பாட்டிலேயே பிறிதோரிடத்தில் வீட்டில் அட்ட தோப்பியைக் கள் என்றே புலவர் கூறுகின்றார். கள் பொதுப்பெயர், பிழி, தோப்பி, தேறல், நறவு, மட்டு என்பன அதனுள் அடங்கும். பியரை வெள்ளையர் சரக்கென்று ஒதுக்கும் ஆசிரியர், முளைத்த தானியத்தால் அட்ட அதன் உடன்பிறப்புத் தம் பாடநூலிலேயே இருத்தலை நோக்குவதில்லை.

புறநானூற்று 120-ஆம் பாட்டு நிலத்திற் புதைத்து முதிரவைத்த மட்டினைக் கூறுகிறது. மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கிற் குழாயில் விளைந்த தேன்தேறலைக் கூறுகின்றன. இவற்றைப் பனங்கள் எனல் பொருந்தாது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும், நாட்பட்டாற் காடியாகும். புதைத்து வைத்து முதிர்ப்பதற்கு அது ஏற்றதன்று. மரமேறி எவரைக் கேட்பினும் இதனைச் சொல்வர். உரை எழுதுவோர் கேட்பதில்லை.

ஒரு நிலத்தின் மது வேற்று நிலத்துக்குப் பெயர்ந்தால் அதன் பெயரை என் செய்வது என்பதற்கு மேல்நாட்டில் நல்லதொரு காட்டு உண்டு. பெல்ஜியத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரை அடுத்த பகுதியில் லாம்பிக் என்னும் பியர் ஆக்கப்படுகிறது. காய்ச்சிய சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் இரவு முழுதும் ஆறவிடுவர். காற்றிலுள்ள நுண்ணுயிர்களே அதனைப் புளிக்கச் செய்யும். பின்னர் மரப்பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூவாண்டு வரை கிடக்கும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து அல்லகாஷ் ஆலை 2007-இல் அவ்வாறே ஒரு தொட்டி அமைத்தது. முறை பெல்ஜியத்தது, காற்று அமெரிக்கக் காற்று. அந்த ஆலையார் தம் ஆக்கத்தை லாம்பிக் என்று விற்கவில்லை. தானே புளித்த பியர் என்றனர். ஹூகார்டன் ஊரில் மறைந்துபோன வெள்ளைப் பியரை 1966-இல் மீட்டெடுத்த பியர் செலிஸ் என்பாரும், 1992-இல் டெக்சாஸில் ஆலை திறந்தபோது, அங்கு ஆக்கியதற்குத் தம் பெயரையே சூட்டினார். ஆக்கியோன் ஒருவனே, முறையும் ஒன்றே. எனினும் பெயர் வேறு. சுவையில் எது சிறந்தது என்பது குடிப்போர் வழக்கு. பெயரில் அவர் காட்டிய நேர்மையே ஈண்டு வேண்டுவது.

மலாயாவுக்குப் பெயர்ந்த கள்ளுக்கு அந்நேர்மை கிட்டவில்லை. பனங்கள் பருவத்துக்குரியது, ஆண்டிற் சில திங்களே இறங்கும். தோட்டத்திற் கிடைத்ததோ ஆண்டு முழுதும் இறங்கும் தென்னங்கள். உரிமம் பெற்ற கடையில், குறித்த நேரத்தில், கூலிக் காசுக்கு அது விற்கப்பட்டது. முழுநிலா நாளின் ஓய்வில் உண்டதற்கும் நாடோறும் வேலை முடிந்து வரிசையில் நின்று வாங்கியதற்கும் சொல்லொற்றுமை தவிர உறவு சிறிதே. அக்கடையைத் தொழிலாளர் தம் மரபெனக் கொண்டாடவும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் ஒரு கோரிக்கை. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். தாத்தா மறியலில் நின்ற கடையைப் பேரனுக்குச் சங்க மரபென்று கற்பிப்பது விந்தையே.

எனவே குறிப்புரையில் ‘கள் – மது’ என ஒரு சொல்லில் முடித்தல் போதாது. தோப்பிக்கு நெல்லில் அட்டது என்றும், பெண்ணைப் பிழிக்குப் பனையில் இறக்கியது என்றும், மூங்கிலில் விளைந்த தேறலுக்குத் தேனில் ஆக்கியது என்றும் எழுதுதல் வேண்டும். ஔவை அதியமானை நினைந்து அரற்றும் 235-ஆம் பாட்டில் எவ்வகைக் கள் என்பது கூறப்படவில்லை. ஆண்டு மரத்தின் பெயரை ஆசிரியர் சேர்த்தெழுதுதல் ஆகாது. சிறிது கிடைத்தாலும் அதனை அவன் தனக்கே கொடுத்தான் என்று ஔவை கூறுவதையே மாணாக்கர்க்கு விளக்குதல் வேண்டும்.