உறையைப் பிரிக்கும் உரிமை

வெள்ளையன் வகுத்த சட்டத்தை வீழ்த்திவிட்டோம். அடிமைக் காலத்தின் அடிச்சுவட்டை அழித்துவிட்டோம் என்று டெல்லியிலே தோள் தட்டினர். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகிய இரண்டுக்கும் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டம் பிறந்தது. 2023 டிசம்பர் 20-இல் மக்களவையில் நிறைவேறிற்று. 21-இல் மாநிலங்களவையில் நிறைவேறிற்று. 24-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அதே கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர். கேட்க வேண்டியோரில் பலர் வாயிலுக்கு வெளியே. கோடிக்கணக்கான மக்களின் பேச்சை ஆளும் சட்டம் வாயிலுக்கு உள்ளே!

காவியத்தைத் திறனாய்வோர் சொல் சொல்லாக எடுத்து நிறுத்துப் பார்ப்பர். சட்டமும் ஓர் ஏடுதானே! அதையும் அப்படியே நிறுத்துப் பார்ப்போம், தோழர்களே!

நான்காம் பிரிவு அழகாகத் தொடங்குகிறது. அலைக்கற்றைக்கு மக்களின் சார்பில் மத்திய அரசே உடைமையாளர் என்கிறது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-இல் உரைத்ததன் எதிரொலி இது. நன்று! ஆனால், தர்மகர்த்தா சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா? 2022-இல் நடந்த ஏலத்தில் மட்டும் 1,50,000 கோடி ரூபாய்க்கு மேல் விலை போயிற்று. அந்தத் தொகை வரி வருவாய் அன்று. ஆகவே மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் தொகுப்பில் அது சேருவதில்லை. மக்களின் சார்பில் உடைமை, மாநிலங்களுக்கு வெறுங்கை!

“அலைக்கற்றை பற்றி நீங்களா பேசுவது?” என்று 2ஜியைக் காட்டி நகைப்போர் உண்டு. நகைக்கட்டும், நாம் மறைக்க வேண்டியதில்லை. 2008-இல் வழங்கிய 122 உரிமங்களை உச்சநீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆ. இராசா உள்ளிட்ட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் 2017-இல் விடுவித்தது. அதன்மேல் மேல்முறையீடும் சென்றது. அலையின் விலை என்ன என்று நாடே அன்று கேட்டது. அந்த அலையில் ஏறிச் செல்லும் சொல்லுக்கு மதிப்பு என்ன என்று எத்தனை பேர் கேட்டனர்?

அதற்கு விடை இருபதாம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூனில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொது நெருக்கடி நேர்ந்தாலோ, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டோ, செய்தியை நிறுத்தலாம், இடைமறிக்கலாம், இணைப்பையே துண்டிக்கலாம் என்கிறது. பழைய தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நெருக்கடி, அதே பாதுகாப்பு! வெள்ளையன் போனான், அவன் வாசகம் போகவில்லை. 138 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது புதிய மொந்தையில் பழைய கள்.

அந்தக் கள்ளின் வேகத்தைத் தமிழகம் அறியும். 2018 மே திங்களில் தூத்துக்குடியில் போலீசார் சுட்டு 13 பேர் மாண்டனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. அலைக்கற்றையை வழங்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. அறுப்பதற்கு மட்டும் அதிகாரம் உண்டு!

இந்தக் கள்ளுக்குப் புதிய போதை ஒன்றும் ஏற்றியிருக்கிறார்கள். இடைமறித்த செய்தியைப் படித்துப் புரியும் வடிவில் தர ஆணையிடலாமாம். இன்றைய செய்திச் செயலிகள் பலவற்றில் மறைகுறியாக்கம் உண்டு: அனுப்புவோர் பூட்டுகிறார், பெறுவோர் திறக்கிறார், நடுவே சுமந்து செல்லும் நிறுவனத்திடம் சாவி இல்லை. இல்லாத சாவியைக் கொடு என்றால், சாவி இருக்கும்படி பூட்டையே மாற்று என்பதுதானே பொருள்? செயலிகள் இச்சட்டத்தில் அடங்கா என்று அமைச்சர் சொன்னார். சட்டத்திலோ அந்த விலக்கு எழுதப்படவில்லை. வாய்மொழி பறக்கும், வரிவடிவம் நிற்கும்!

இந்த ஆசை இன்று நேற்று முளைத்ததன்று. மறைகுறியாக்கிய செய்தியின் மூலவடிவைக் குடிமக்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2015 செப்டம்பரில் ஒரு கொள்கை வரைவு வந்தது. எதிர்ப்பு எழவே 22-ஆம் நாள் திரும்பப் பெற்றனர். 2021-இல் வேறு வாயிலைத் தட்டினர்: செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்ட வேண்டும் என்று விதி வகுத்தனர். வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது.

இந்த வாதத்தின் ஒரு சுற்று நம் சென்னையிலேயே நடந்தது. 2019-இல் உயர்நீதிமன்றத்தில், அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு பிணைக்க இயலும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. அந்த அடையாளத்தைப் போலியாகவும் புனையலாம். அந்தரங்கம் கெடும், குற்றவாளியோ தப்புவான் என்று மறுத்தார் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன்.

“குழந்தை கடத்துவோர் வந்துவிட்டனர் என்ற வதந்தியால் 2018-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்களே! ஆணிவேரைக் கண்டுபிடிக்க வேண்டாமா?” என்பர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அடித்த கைகள் மறைகுறிக்குள் ஒளிந்திருக்கவில்லை, நடுத்தெருவில் இருந்தன. கேட்டதை எல்லாம் நம்பும் மனமே அங்கே ஆணிவேர். அதை அறுக்கும் அரிவாள் பகுத்தறிவு; ஊரார் உறைகளைப் பிரிப்பதன்று.

உறை பிரிந்தால் இழப்பு யாருக்கு? தொண்டாமுத்தூரின் பாக்குத் தோப்புக்காரருக்கு வங்கிக் கணக்கு. கோவைப் பட்டறைக்காரருக்குத் தொழில் மறைபொருள். இந்தக் கொங்கு மண்ணில் சாதியை மீறிக் காதலிக்கும் இருவருக்கோ உயிர்! 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சாதி வீசிய அரிவாளை நாடே கண்டது. எங்கே சந்திப்போம், எந்த ஊருக்குப் போவோம் என்று அவர்கள் எழுதும் ஒரு வரி, சாவி வைத்திருப்போர் வழியாகச் சாதிச் சங்கத்தின் காதுக்குப் போகாது என்று யார் உறுதி தருவார்? சாவி, பிடித்திருக்கும் கையின் குணத்தை ஆராய்வதில்லை.

ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஒற்றர் வேண்டும் என்றார். ஆனால் ஓர் ஒற்றன் தந்ததை வேறோர் ஒற்றன் வழியாகச் சரிபார் என்றும் சொன்னார். இங்கே என்ன நடக்கிறது? இடைமறிக்க ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். அதை மறுஆய்வு செய்யும் குழுவில் இருப்போரும் செயலாளர்களே! முடியரசனுக்குச் சொன்ன எச்சரிக்கைகூடக் குடியரசில் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புக்கு மதிப்பளிக்கும் சட்டம் எப்படி இருக்க வேண்டும்? உறையைப் பிரிக்குமுன் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை உறைகள் பிரிக்கப்பட்டன என்ற கணக்கு மக்கள்மன்றத்தின் முன் வரவேண்டும். பூட்டைப் பலவீனமாக்கக் கூடாது என்ற ஒரு வரி சட்டத்திலேயே ஏற வேண்டும். இளைஞர்களே! படிப்பகம்தோறும் இச்சட்டத்தைப் படியுங்கள்; இருபதாம் பிரிவை உரக்கப் படியுங்கள்; உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இம்மூன்றையும் கேளுங்கள்!