வட்டுக்குள் ஒரு பாகப்பிரிவினை

ஓப்பன்பிஎஸ்டியைப் பெரிய வட்டில் நிறுவினால் ரூட், ஸ்வாப், /டெம்ப், /வார், /யூஎஸ்ஆர், /ஹோம் என்று ஏறக்குறையப் பத்துப் பாகங்களை அதுவே பிரித்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் யூஎஃப்எஸ் கோப்பமைப்பைத் தேர்ந்தால், பூட் பாகம் போக, நிறுவி முன்வைப்பது ஒரே ரூட்டும் ஒரு ஸ்வாப்பும்தான். இரண்டும் பெர்க்லி வழி வந்தவை. பாகப்பிரிவினையில் மட்டும் நேரெதிர்.

பழைய பிஎஸ்டியில் வட்டின் பிரிவுகள் டிரைவர் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. 1988இல் வந்த 4.3பிஎஸ்டி-டாஹோ அந்த விவரத்தை டிஸ்க்லேபிள் என்ற பெயரில் வட்டிலேயே எழுதிவைத்தது. பிறகு பிஎஸ்டி பிசிக்கு வந்தபோது அங்கே எம்பிஆர் என்ற பிரிவு அட்டவணையின் நான்கு முதன்மைப் பிரிவுகள் ஏற்கெனவே இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, அதற்குள் தன் லேபிளை வைத்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி வழக்கில் வெளிப்பிரிவு ஸ்லைஸ், உட்பிரிவு பார்ட்டிஷன். ‘அடா0எஸ்1ஏ’ என்றால் முதல் சாட்டா வட்டு, முதல் ஸ்லைஸ், ‘ஏ’ பார்ட்டிஷன்.

வழக்கப்படி ‘ஏ’ ரூட், ‘பி’ ஸ்வாப். ‘சி’தான் வில்லங்கம். பட்டியலில் மற்றவற்றோடு ஒன்றாக நிற்கும்; உண்மையில் அது முழுப் பரப்பையும் குறிக்கும். பிசியில் ஓடும் நெட்பிஎஸ்டியிலோ முழு வட்டு ‘டி’. இந்த எழுத்து வழக்கு பழமையின் மிச்சமே தவிர, காக்க வேண்டிய மரபு அல்ல. எம்பிஆரின் இடத்துக்கு ஜிபிடி வந்ததும் ஃப்ரீபிஎஸ்டி இரட்டை அடுக்கை விட்டது; ‘அடா0பி2’ என்பதோடு முடிந்தது. ஓப்பன்பிஎஸ்டி ஜிபிடிக்குள்ளும் லேபிளை விடவில்லை.

பல பாகங்களின் உண்மையான பலம் மவுன்ட் செய்யும் இடத்தில் இருக்கிறது. எஃப்எஸ்டேப் கோப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விதி எழுதலாம்: /டெம்ப்பில் செட்யூஐடி செல்லாது, /ஹோமில் சாதனக் கோப்பு செல்லாது. ஓப்பன்பிஎஸ்டி 6.0 முதல், ஒரே நினைவகப் பகுதியில் எழுதவும் இயக்கவும் கேட்கும் நிரல்களுக்கு ‘டபிள்யூஎக்ஸ்அலவ்ட்’ விதியோடு மவுன்ட் ஆன பாகத்தில்தான் இடம். /யூஎஸ்ஆர்/லோக்கல் தனிப் பாகமாக இருப்பதன் பயன் இங்கே தெரியும். லாக் பெருகி /வார் நிரம்பினாலும் ரூட் தப்பும். ஆனால் நிரல் இயங்குவதைத் தடுக்கும் ‘நோஎக்ஸெக்’ விதியைப் பெரிய அரணாக நம்ப வேண்டாம், ஸ்கிரிப்ட்டை ஷெல்லிடம் நேரே கொடுத்தால் ஓடிவிடும்.

குறை, அளவில். எந்தப் பாகம் எவ்வளவு வளரும் என்பதை, இயந்திரம் வேலையே தொடங்காத முதல் நாளில் ஊகிக்க வேண்டும். /ஹோம் காலியாகக் கிடக்க /வார் மூச்சுத்திணறும். யூஎஃப்எஸ்ஸைச் சுருக்க வழியில்லை. குரோஎஃப்எஸ்ஸால் பெரிதாக்க, பாகத்தை ஒட்டி அடுத்தாற்போல் வெற்றிடம் வேண்டும். காலியாக இல்லாத அடைவின்மேல் மவுன்ட் செய்துவிட்டால் அடியிலுள்ள கோப்புகள் கண்ணுக்கு மறையும். டிஎஃப் கட்டளை அவற்றைக் கணக்கில் காட்டும், டியூ காட்டாது. இடம் எங்கே போனது என்று தேடி அலைய இது போதும்.

விதிக்கான எல்லையும் அளவுக்கான எல்லையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்று காட்டியது, 2008இல் ஃப்ரீபிஎஸ்டி 7.0உடன் வந்த இசட்எஃப்எஸ். அதில் டேட்டாசெட்டுகள் ஒரே குளத்தின் இடத்தைப் பகிர்கின்றன. விதி மட்டும் தனித்தனி. என் பார்வையில் ஓப்பன்பிஎஸ்டியின் நோக்கம் சரி, அதற்குக் கிடைத்த கருவிதான் பழையது. ஃப்ரீபிஎஸ்டியின் ஒற்றை ரூட் மேசைக் கணினிக்குப் போதும். பலர் நுழையும் சர்வருக்குப் போதாது.

யூஎஃப்எஸ்ஸோடுதான் சர்வர் நடத்த வேண்டுமென்றால், விதி மாறும் இடத்தில் மட்டும் பிரியுங்கள். /வாருக்கு அடுத்து கொஞ்சம் இடத்தை ஒதுக்காமல் விட்டுவையுங்கள்.