ஒரு மரம், ஓர் இரவு: பதநீரைச் சுவைத்து அறிதல்

ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்தெடுத்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிரவைத்த ஸ்காட்லாந்து மதுவே சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி எனப்படுகிறது. அதன் நிறம், மணம், நாவில் விரியும் சுவை, விழுங்கிய பின்னும் நிற்கும் சுவை ஆகியவற்றைத் தனித்தனியே கவனித்துத் தரம் சொல்வது அங்குள்ள மரபு. அத்தகைய கவனத்துக்கு முழுத் தகுதி உடைய, ஆனால் போதை இல்லாத பானம் ஒன்று குற்றால மலைக்குக் கிழக்கே, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துப் பனைகளில் சுரக்கிறது. அந்தப் பதநீர் முதிர்வதற்கு ஆண்டுகள் வேண்டுவதில்லை. ஒரு மரமும் ஓர் இரவுமே அதன் தரத்தை முடிவு செய்கின்றன.

பனையின் பூந்தண்டான பாளையை இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லிசாகச் சீவி, கீழே கலயம் கட்டுவது பனையேறியின் வேலை. சொட்டும் சாற்றில் சர்க்கரை மிகுந்திருப்பதால், காற்றிலும் பாளையிலும் உள்ள நொதி நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து நொதிப்பு தடைபடுகிறது, அதுவே பதநீர். தமிழகத்தில் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ள கள்ளுக்கும், விற்கக்கூடிய பதநீருக்கும் இடையே நிற்பது இந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

ஆகவே பதநீரை மதிப்பிடுவது என்பது பெரும்பாலும் சுண்ணாம்பின் அளவை மதிப்பிடுவதே ஆகும். அது குறைந்தால் ஓரத்தில் பொடிநுரை கட்டும், மூக்கருகே கொண்டு செல்லும்போதே புளித்த வாடை எழும். கூடினால் நிறம் மஞ்சளாகி, முதல் மிடறிலேயே நாவில் சுருக்கென்ற எரிச்சலும் தொண்டையில் கரகரப்பும் தோன்றும். கையளவு சரியாக அமைந்த பதநீரில் சுண்ணாம்பு தனிச்சுவையாகத் தெரியாது. இனிப்பு திகட்டாதபடி அதை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய காரமாக மட்டுமே இருக்கும். இந்த அளவை எந்தக் கரண்டியும் அளப்பதில்லை, பூசும் விரல்களே அறிந்திருக்கின்றன என்பது இத்தொழிலின் பெருமை.

விடியலில் இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன் அருந்துவதே முறை. விஸ்கிக்கு வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணம் மணத்தைச் சேர்த்துத் தருவதுபோல், பதநீருக்குப் பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டை தன் மணத்தையும் சேர்த்துத் தருகிறது. பிளாஸ்டிக் குவளையில் அருந்துவோர் பாதி மணத்தை இழக்கிறார்கள். இரு கைகளால் பட்டையை ஏந்தி, முதல் மிடற்றை உடனே விழுங்காமல் நாவின் மேல் சற்றே நிறுத்தினால், முதலில் இனிப்பும், அடுத்து இளநுங்கை நினைவூட்டும் பசுமையும், கடைசியில் கருப்பட்டியின் சாயலும் வரிசையாக வெளிப்படும். நுங்கையோ மாங்காய்த் துண்டையோ போட்டுக் குடிப்பது இனிய வழக்கமே. எனினும் தரம் அறிய விரும்புபவர் முதல் பட்டையை வெறுமனே அருந்துவது நல்லது.

விஸ்கியில் சில துளி நீர் விட்டால் மணம் விரியும் என்பார்கள். பதநீரில் நீர் சேர்ப்பது கலப்படமே. நீர் கலந்ததில் இனிப்பு நாவைத் தொட்டதும் மறைந்துவிடும். சாக்கரின் கலந்த போலியிலோ இனிப்பு மறையாமல், அடிநாக்கில் கசப்பாகத் தங்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களே பதநீரின் நல்ல காலம். ஆனியில் குற்றாலத்தில் சாரல் இறங்கத் தொடங்கும்போது பாளைகள் ஓயத் தொடங்கியிருக்கும், மழைநீரும் கலயத்தில் கலந்துவிடும். எனவே அருவிக்காக வருபவர் பதநீரையும் அதன் முழுச் சுவையில் அறிய விரும்பினால், சீசனுக்கு ஒரு மாதம் முன்பாகவே ஒரு முறை தென்காசிப் பக்கம் வந்து செல்ல வேண்டும்.