சூப்புப் பேணியும் மாச்சாக்கும்: பொப் கலை பற்றித் துறைமுகத்திலிருந்து ஒரு நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் ஓவியக் கலையில் விற்பனைப் பண்டமும் அதன் மேலுறையும் பெற்ற இடம் பெரிது. 1956ஆம் ஆண்டு இலண்டன் வைற்சப்பல் கலைக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சிக்காக ரிச்சட் ஹமில்ரன் சஞ்சிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஓர் ஆக்கத்தை அமைத்தார். 1962இல் அன்டி வோர்ஹோல் கம்பெல் சூப்புப் பேணிகளை 32 ஓவியங்களாக லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காட்சிக்கு வைத்தார். உயர்கலைக்கும் கடைத்தெருக் கலைக்கும் இடையிலான வரம்பைப் பொப் கலை அழித்துவிட்டது என்பது திறனாய்வாளர் பலர் கூறும் முடிபு. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் நின்று நோக்குமிடத்து, இம்முடிபு பாதி உண்மையாகவே தோன்றுகிறது.

1964இல் நியூயோர்க்கில் வோர்ஹோல் காட்டிய பிரில்லோப் பெட்டிகள் ஈண்டு எண்ணத்தக்கவை. பௌஹவுஸ் கலைக்கல்லூரி (1919–1933) போன்றவற்றால் வளர்ந்த நவீன வரைகலை, எழுத்தின் தெளிவையும் வடிவத்தின் எளிமையையும் வற்புறுத்தியது. அக்காலத்தின் வணிக வரைகலைஞர் ஒருவரே அப்பெட்டியின் மூல வடிவத்தை அமைத்தவர். ஜேம்ஸ் ஹாவி என்னும் அவர் அருவ ஓவியங்கள் தீட்டிய ஓவியருமாவார். பெட்டி கலைக்கூடத்துள் புகுந்து புகழ் பெற்றது. அதனை வரைந்தவரின் பெயரோ வெளியிலேயே நின்றுவிட்டது. வரம்பு அழிந்தது என்பதிலும் அது இடம் மாறியது என்பதே பொருந்தும்.

வோர்ஹோலின் பேணிகள் வரிசையாக நிற்பவை. அது நிறைந்த கடைத்தட்டின் வரிசை. அவர் செல்வத்தைப் போற்றவில்லை, அதன் சலிப்பையே காட்டினார் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தைப் புறக்கணித்தலாகாது. ஆயினும் அச்சலிப்பும் நிறைவிலிருந்து பிறந்ததே. இலங்கையில் 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில், பாணுக்காக வரிசையில் நின்றவர்கள் மனிதர்கள், கடைத்தட்டுகள் வெறுமையாயிருந்தன.

கோதுமை மாவை ஈழத்துத் தமிழர் பலர் ‘அமெரிக்கன் மா’ என்றே வழங்கி வந்துள்ளனர். 1954ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 480இன் வழியே கடல்கடந்து வந்த அமெரிக்க உணவின் நினைவு அப்பெயரில் உறைந்துள்ளது. அந்நாட்டின் உதவிப் பொருட்களில் கேடயமும் கைகுலுக்கும் இரு கரங்களும் கொண்ட சின்னம் பொறிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருள் விளங்க அமைந்த அச்சின்னம், நவீன வரைகலையின் நோக்கத்தை நன்கு நிறைவேற்றியது. கொடுத்தவரை மறவாதிருக்கச் செய்வதே அதன் பணி. ஆனால் மா முடிந்ததும் சாக்குத் துணி துவைக்கப்பட்டுத் தலையணை உறையாயிற்று, அடுப்படித் துணியாயிற்று. துவைக்கத் துவைக்க அச்சும் மங்கியது. கலைக்கூடத்தில் பண்டம் தன் பயனை இழந்து படமாகிறது. ஏழை வீட்டில் படம் தன் நிறத்தை இழந்து பயனாகிறது.

இவ்வனுபவத்துக்கு அண்மையில் நிற்பவர் வோர்ஹோல் அல்லர். இத்தாலிய ஓவியரான அல்பேற்றோ பூறி ஆவார். மருத்துவரான அவர், இரண்டாம் உலகப் போரிற் சிறைப்பட்டு, ரெக்சாஸ் மாநிலத்து முகாமொன்றில் சாக்குத் துணியில் வரையத் தொடங்கினார். 1949இல் ஆக்கிய படைப்பொன்றில், மார்ஷல் திட்ட உதவியாக வந்த சாக்கிலிருந்து அமெரிக்கக் கொடி அச்சிட்ட துண்டொன்றைச் சேர்த்தார். வோர்ஹோலின் பேணிகளுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முற்பட்டது அது. தொடர்ந்து அமைத்த சாக்கு ஓவியங்களில் கிழிசலையும் தையலையும் அவர் மறைக்கவில்லை. கொடுத்தவரின் சின்னத்தைப் பெற்றவரின் கை தொட்டு மாற்றியதை அவை காட்டுகின்றன.

1980இல் சீனன்குடாவில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் கப்பலில் தானியமாக வரும் கோதுமை இத்துறைமுகத்திலேயே மாவாகிப் பொதியிடப்படுகிறது. பொதியின் மேலுள்ள பெயரும் சின்னமும் மாறின. அதனைச் சுமப்பவரின் பெயர் மட்டும் அன்றும் பொதியில் இல்லை, இன்றும் இல்லை.

பொப் கலை பண்டத்தின் முகத்தைக் கூர்ந்து கண்டது. அப்பண்டம் வந்த வழியை அது காணவில்லை. துறைமுகத்து மக்களோ அவ்வழியிலேயே வாழ்பவர்கள். மேலைநாட்டுப் பேணியை இங்கு மீண்டும் வரைவதால் அவர்களின் வாழ்வு கலையாகிவிடாது. சின்னம் மங்கிய சாக்கையும் அதனைத் துவைத்த கையையும் ஒருங்கே காணும் ஓவியமே இம்மண்ணுக்குரிய நவீன ஓவியமாக அமையும்.