உருவம் எங்கே இருக்கிறது?

உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்க முடியாது என்பது நம்மிடையே விவாதத்துக்கு அப்பாற்பட்ட வாக்கியமாகிவிட்டது. எந்தக் கவிதையைப் பற்றிய கட்டுரையானாலும் இரண்டாவது பத்தியில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொல்பவர் எதை உருவம் என்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இதற்கிடையில் நம் கவிதைகளை அச்சுக்குத் தயார் செய்யும் கம்ப்யூட்டர் இரண்டையும் வெகு சாதாரணமாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறது. எப்படிப் பிரிக்கிறது என்று பார்ப்பது விமர்சனத்துக்கு வெளியே உள்ள காரியம் அல்ல என்றே நினைக்கிறேன்.

பிரதியில் இருப்பவை எண்கள் மட்டுமே. ‘ல’ என்பது யூனிகோடில் 2994. அந்த எண்ணுக்கு வளைவு இல்லை, சுழி இல்லை. அவை எழுத்துரு என்ற வேறொரு கோப்பில் இருக்கின்றன. அங்கும் படமாக இல்லை. பக்கத்துக்கு 1000 அல்லது 2048 கூறுகளாகப் பிரித்த ஒரு சதுரம், அதில் சில புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் வளைகோடுகளுக்கு ஒரு கணக்கு. இந்தக் கணக்கு பிறந்தது பிரெஞ்சுக் கார் கம்பெனிகளில். ரெனோவில் பியர் பெஸியேயும் சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோவும் கார் உடலின் வளைவுக்காகச் செய்தது அது. 1984இல் வந்த அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் அதை எழுத்துலகில் பரவலாக்கியது. ஆக, சேமிப்பில் இருப்பது எழுத்தின் எல்லைக்கோடு. மையும் இல்லை, அளவும் இல்லை.

வரையும்போது இந்த எல்லையைத் திரையின் புள்ளிக் கட்டத்தின் மேல் வைக்கிறார்கள். எந்தப் புள்ளியின் மையம் உள்ளே விழுகிறதோ அது கறுப்பாகும் என்பது அடிப்படை விதி. எழுத்து சிறுத்தால் இது விபரீதமாகிறது. ஒரே கனமுள்ள இரண்டு செங்குத்துக் கோடுகளில் ஒன்றுக்கு ஒரு புள்ளியும் மற்றதற்கு இரண்டும் கிடைத்துவிடும். 1991இல் ஆப்பிள் கொண்டுவந்த ட்ரூடைப் இதற்காக எழுத்துக்கு எழுத்து ஒரு சின்னப் புரோகிராமையே கூட வைக்க இடம் தந்தது. இந்தக் கோட்டை நகர்த்து, இந்த இரண்டும் சமமாக இருக்கட்டும் என்ற மாதிரியான கட்டளைகள். வடிவத்தோடு, அது எங்கெங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. புள்ளிகள் நெருங்கிவிட்ட இன்றைய திரைகளில் இதன் தேவை குறைந்திருக்கிறது.

டொனால்ட் க்னூத் இன்னும் மேலே போக ஆசைப்பட்டார். 1977இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பு அவலட்சணமாக இருந்ததால் அச்சுக்கோப்பையும் எழுத்தையும் தாமே செய்ய இறங்கிய கம்ப்யூட்டர் விஞ்ஞானி அவர். அவருடைய மெட்டாஃபாண்ட் முக்கியமாகப் பேனா போகும் பாதையைச் சொல்கிறது. கனம், சாய்வு, முனையின் நீட்டம் எல்லாம் மாற்றத்தக்க எண்கள். 1982இல் ‘விஸிபிள் லாங்வேஜ்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் 23ஆம் சங்கீதத்தை அச்சிட்டுக் காட்டினார். எழுத்துக்கு எழுத்து எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியதில், பழைய பாணியில் தொடங்கிய சங்கீதம் நவீன பாணியில் முடிகிறது. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் அதே ஆண்டில் அதே பத்திரிகையில் மறுத்தார். எத்தனை எண்கள் வைத்தாலும் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தின் சாத்தியங்கள் முழுவதும் அவற்றில் அடங்கா என்பது அவர் கட்சி.

காசோலைக் கையெழுத்தைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. மாதிரிக் கையெழுத்தோடு அச்சாகப் பொருந்திவந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், பார்த்து வரைந்ததாக இருக்கும். எவரும் தன் பெயரை இரண்டு முறை ஒரே மாதிரி போடுவதில்லை. இருந்தும் அவர்தான் என்று தெரிகிறது. எதனால் தெரிகிறது என்று எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. நான் ஹாஃப்ஸ்டாட்டர் பக்கம்.

எழுத்தின் வடிவம் இவ்வளவு நெகிழக்கூடியதென்றால் அதைக் கவிதையின் உருவமாகக் கொள்ள முடியாது. தமிழில் இதற்கு நிரூபணம் உண்டு. 1978இன் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு, தும்பிக்கை போட்ட ‘லை’ போய் இன்றைய ‘லை’ வந்தது. யூனிகோடுக்கு இரண்டும் ஒன்றுதான், 2994, அடுத்து 3016. எதைக் காட்டுவது என்பது எழுத்துருவின் இஷ்டம். 1960களின் சிறுபத்திரிகைக் கவிதையை இன்று கம்ப்யூட்டரில் ஏற்றினால் பெரும்பாலும் தும்பிக்கை போய்விடும். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கவிதை போய்விடவில்லை.

வரியின் முடிவு அப்படியல்ல. அது பிரதிக்குள்ளேயே, எழுத்துகளுக்கு நடுவே, தனி எண்ணாக நிற்கிறது. பெரும்பாலும் 10 என்ற எண். எழுத்தின் அழகை வெளியே வைத்த இயந்திரம் வரி முறிவை உள்ளே வைத்திருக்கிறது. கவிதையியல் எதையும் படிக்காமலேயே, புதுக்கவிதையில் எது உருவம் என்பதை நம் விமர்சகர்கள் பலரைவிடச் சரியாகப் பிடித்திருக்கிறது.

பிறகு அதுவே காட்டிக்கொடுக்கிறது. எழுத்துருவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அகல எண் உண்டு. அகலங்களைக் கூட்டிப் பார்த்து, கைபேசித் திரையில் இடம் போதாவிட்டால், வரியை மடித்துக் கீழே தள்ளுகிறது. எழுத்துருவை மாற்றினால் மடிப்பும் இடம் மாறும். கவிஞன் முறித்த வரியும் எழுத்துரு மடித்த வரியும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. வாசகன் தப்பான இடத்தில் நிற்கிறான். அந்த இடைவெளியைக் கவிதையின் மௌனம் என்று நினைத்துக்கொள்கிறான். நாளை யாராவது அந்த மௌனத்தைப் பற்றிக் கட்டுரையும் எழுதலாம்.

மடிந்து வந்த பகுதியை உள்தள்ளிக் காட்டுவது பெரிய வித்தை அல்ல. கவிதையைத் திரையில் ஏற்றுபவர்கள் இதையாவது செய்ய வேண்டும். செய்யாமல், உருவமும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதவை என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.